கடலைக் கொல்லையில் பதினோரு மயில்கள்

காரைக்குடி வந்த இடத்தில், உள்ளூர் இயற்கைச் சங்கத்தாரோடு காலை நடைக்குக் கிளம்பியிருக்கிறேன். குன்றக்குடி மலைக்குப் பின்னால், ஒரு கடலைக் கொல்லையின் வரப்பில் ஒன்பது பேரும் பதுங்கி உட்கார்ந்திருக்கிறோம். எதிரே பதினோரு மயில்கள். சங்கத் தலைவர் ஆரோக்கியம் சார், ஓய்வுபெற்ற ஆசிரியர், எங்களைத் தும்மக்கூட விடவில்லை.

அப்போது கொல்லைக்காரப் பெண் தகரத் தட்டை ஓங்கித் தட்டியபடி வருகிறார். மயில்கள் சிதறுகின்றன. சார் பதறி எழுகிறார்.

"விரட்டாதீகம்மா! முருகன் வாகனமாச்சே!"

"முருகன் மலை மேலதான இருக்காரு? வண்டிய மட்டும் எங் கொல்லையில நிப்பாட்டியிருக்காரு! முளைச்ச கடலையப் பூராம் கிண்டித் தின்னுருச்சு. வந்து பாருங்க."

சார் போய்ப் பார்க்கிறார். மூன்று பாத்தி வெறும் மண்ணாகக் கிடக்கிறது.

"செத்த இதப் புடிங்க, கஞ்சி குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று தட்டைச் சார் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பெண் மரத்தடிக்குப் போகிறார்.

மயில்கள் திரும்பி வருகின்றன. சார் எங்களைப் பார்த்துக் கூச்சத்தோடு மெதுவாகத் தட்டுகிறார். ஒரு ஆண் மயில் சட்டையே செய்யாமல் கடலையைக் கிண்டுகிறது. அவ்வளவுதான், "ஏய், ஓடு!" என்று கத்திக்கொண்டு கொல்லைக்குள் பாய்கிறார்.

நாங்கள் எட்டுப் பேரும் தொலைநோக்கியில் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.