குளோரோபாரம் அறையில் எண்ணிய கணக்கு

அறையில் டாக்டர் இருந்தார். துணி போர்த்திய கம்பி மூடியோடு கம்பவுண்டர் இருந்தார். கத்தித் தட்டோடு நர்ஸம்மா. மேசைமேல் என் வீட்டுக்காரி. அவள் முழங்கால் இரண்டையும் அமுக்கிக்கொண்டு நான். ஆள் பத்தாது என்று என்னையும் உள்ளே கூப்பிட்டிருந்தார்கள்.

சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி. மேலநீலிதநல்லூரிலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவந்தேன். அவள் காலில் ஏறிய கருவேல முள் உள்ளேயே அழுகிவிட்டது. பெருவிரலை எடுக்காவிட்டால் ஆள் தங்காது என்றார் டாக்டர். குளோரோபாரம் கொடுத்தால் சிலர் எழுந்திருப்பதில்லை என்பதையும் மறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

மருந்து பழுப்புப் பாட்டிலில் இருந்தது. வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் கெட்டு விஷமாகிவிடுமாம். மழை மூட்டம். நர்ஸம்மா லாந்தரை ஏற்றப் போனார்.

"தீ பட்டாலும் விஷம்தான். வெளியே வை" என்று டாக்டர் தடுத்தார். ஜன்னல் வெளிச்சம்தான்.

"இதுல என்னதான் இருக்கு?" என்று கம்பவுண்டரிடம் கேட்டேன்.

"உப்புல இருக்க குளோரின்தான் அண்ணாச்சி. இங்கன வேற சரக்கோட சேர்ந்திருக்கு."

தினம் சோற்றில் போடுகிற உப்பு. எனக்குப் பிடிபடவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "ஏன் இப்படி முழிக்கீரு? காலை நல்லாப் பிடியும். சாக்கை விட்ட மாதிரி விட்டுறாதேயும்."

களத்தில் கம்பு அளப்பது அவள். சாக்குவாயைப் பிடிப்பது நான். ஒருமுறை கை நழுவிவிட்டது. அதை அவள் விடவே இல்லை.

மூடியை அவள் மூக்கின்மேல் வைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார் கம்பவுண்டர். தித்திப்பாக ஒரு வாடை.

"எண்ணிக்கிட்டே இரும்மா" என்றார் டாக்டர்.

"லாபம், ரெண்டு, மூணு..."

டாக்டர் நிமிர்ந்தார். "அதுக்குள்ள உளறுறாளா?"

"இல்ல சார். எங்க பக்கம் அளக்கும்போது ஒண்ணுன்னு சொல்லமாட்டாவ. லாபம்னுதான் தொடங்குவாவ" என்றார் கம்பவுண்டர்.

பதினெட்டில் குரல் தேய்ந்தது. பத்தொன்பது வரவில்லை.

களத்தில் அவளுக்கு இருமல் வந்தால், கணக்கு அறாமல் நான் எடுத்துச் சொல்வேன். பத்தொன்பது என்று வாய்க்குள் சொன்னேன். வெட்டினார்கள். நான் பார்க்கவில்லை. நூறு ஆனதும் அவள் முழங்காலில் ஒரு விரலை அழுத்தினேன். அடுத்த நூறுக்கு அடுத்த விரல்.

கட்டுப் போட்டார்கள். மூடியை எடுத்து வெகுநேரம் ஆயிற்று. அவள் எழுந்திருக்கவில்லை. டாக்டர் நாடியைப் பிடித்தபடியே நின்றார். பத்து விரலும் தீர்ந்து, முதல் விரலிலிருந்து மறுபடி தொடங்கினேன். நிறுத்தப் பயமாக இருந்தது.

கைக்குள் முழங்கால் அசைந்தது.

"வலிக்கு. கையை எடும்" என்றாள்.

எடுத்தேன்.

ஆயிரத்து நானூற்று ஆறு.