கால்வாயில் எடுத்த பூஜ்யம்

டெமான்ஸ்ட்ரேட்டர் உத்தியோகத்துக்கு ஒரே விளக்கம்தான்: பாடம் நடத்துகிற பெருமை பேராசிரியருக்கு, பாட்டில் உடைந்தால் பதில் சொல்கிற பொறுப்பு நமக்கு. கல்லூரி லேபில் நின்றே கால் வீங்கிப்போனவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளில் கல்கத்தாவில், ஜாதவ்பூர் பக்கம் ஒரு கல்லூரியில், சுற்றுச்சூழல் பட்டப்படிப்புக்கு நான் டெமான்ஸ்ட்ரேட்டர். கணவருக்குத் துறைமுகத்தில் வேலை, பவானிபூரில் வீடு. திருநெல்வேலியில் சொர்ணம் என்று வைத்த பெயர் அங்கே ‘ஷொர்ணாதி’ ஆகிவிட்டது; தீதி என்றால் அக்கா. படிப்பு புதிது. படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவது என்று பிள்ளைகளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. என்னென்ன முடித்தால் பட்டம் என்பதை மட்டும் பல்கலைக்கழகம் தெளிவாகச் சொல்லியிருந்தது. பேப்பர் எழுதித் தேற வேண்டும், பிராக்டிகல் முடிக்க வேண்டும், வருகை குறையக் கூடாது. இதெல்லாம் எந்தப் படிப்பிலும் உள்ளதுதான். எங்கள் உயிரை வாங்கியது கடைசி நிபந்தனை. கோடை, மழை, குளிர் மூன்று பருவத்திலும் ஒரே இடத்துக்குப் போய்த் தண்ணீர் எடுத்து, சோதித்து, ரிப்போர்ட் எழுத வேண்டும். வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர், அதாவது எக்ஸ்டர்னல், அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழாவிட்டால் மற்ற எல்லாவற்றிலும் முதல் வகுப்பு வாங்கியிருந்தாலும் பட்டம் கிடையாது.

பக்கெட் படை

எங்களுக்கு வாய்த்த இடம் ஊரின் கிழக்கே ஓடும் ஒரு சாக்கடைக் கால்வாய். அதன் குறுக்கே ஒரு சின்னப் பாலம். அங்கே தண்ணீரில் பிராணவாயு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாட்டிலைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி, ஒரு குமிழி காற்றுகூடப் போகாமல் உள்ளேயே மூடி, கரைக்கு வந்ததும் இரண்டு மருந்து விட வேண்டும். பிராணவாயு இருந்தால் பழுப்பாகத் திரியும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். சோதனை அவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்ணீரில் யார் கையை விடுவது? எங்கள் பிள்ளைகள் பாலத்தின் மேலே நின்று கயிறு கட்டிய பக்கெட்டை இறக்கி, இழுத்து, சளசளவென்று பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஊற்றுகிறபோதே காற்றும் கலந்துவிடுமே, பக்கெட் வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்துவேன். ஒருத்தர் காதிலும் ஏறாது. துறைத் தலைவர் லாஹிரி சாரிடம் போய் முறையிட்டேன். அவர் நல்ல மனிதர், சண்டை என்றால் மட்டும் ஆகாது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “பழுப்பு வருதில்ல? வந்தா சரி. விடுங்க, ஷொர்ணாதி.”

ஒரு தகப்பனாரின் சந்தேகம்

தபஸ் என்று ஒரு மாணவன். வகுப்புக்கு வருவதைவிட ஊர்வலத்துக்குத் தவறாமல் போவான். அவனுடைய அப்பா ஒருநாள் குடையும் கையுமாக லேபுக்குள் வந்து நின்றார். மகன் உடம்பில் கால்வாய் வாடை அடிப்பதாகவும், கெட்ட சகவாசம் ஏதும் உண்டா என்றும் விசாரித்தார். கெட்ட சகவாசம் கால்வாயோடுதான் என்று சொல்லி, பட்டத்துக்கு உள்ள நிபந்தனைகளை ஒவ்வொன்றாக விளக்கினேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். “எங்க தெருவுல மழை பெஞ்சா வீட்டுக்குள்ளயே இந்தத் தண்ணிதானே வருது மேடம். அப்போ எங்க குடும்பம் மொத்தத்துக்கும் டிகிரி குடுப்பீங்களா?”

ரீனாவின் கடைசி வருஷம்

ரீனா மற்றவர்களோடு சேராத கேஸ். முந்திய செட்டில் படித்தவள். மஞ்சள் காமாலை வந்து ஒரு வருஷம் படுத்துவிட்டாள். அதற்குமேல் ஸ்ட்ரைக், பரீட்சை தள்ளிவைப்பு என்று காலம் ஓடிப்போனது. பேப்பர்களை எல்லாம் எழுதித் தேறிவிட்டாள். கள ரிப்போர்ட் மட்டும் பாக்கி. அவளுடைய பல்கலைக்கழகப் பதிவோ அந்த வருஷத்தோடு காலாவதி. அதற்குள் கையெழுத்து விழாவிட்டால் தேறிய பேப்பர்களும் செல்லாது, முதல் வருஷத்திலிருந்து மறுபடி சேர வேண்டும். அவள் வீட்டில் அதற்கு வழியில்லை என்பது அவள் செருப்பைப் பார்த்தாலே தெரியும்.

பழைய மாணவி என்பதால் அவளைக் கூட்டிக்கொண்டு போவது என் தலையில் விழுந்தது. கோடை மாதிரி எடுக்கப் போனோம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையில் இறங்கி, முழங்கை வரை கையை விட்டுப் பாட்டிலை அமுக்கினாள். மருந்து விட்டேன். சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக நின்றது. நான் திகைத்துப் போய்ப் பார்க்க, அவள் பாலத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த தகரக் கூரைகளைக் காட்டினாள். “இதுல என்ன ஆச்சரியம், தீதி? எங்க வீடு அங்கதான். இதுல மீன் செத்து மிதந்துகூட நான் பாத்ததில்ல. மீன் இருந்தாத்தானே சாகும்?”

முழங்கால் தண்ணீர்

மழைக்கால மாதிரிக்கு நாங்கள் குறித்த நாளில் நகரமே முங்கிக் கிடந்தது. பஸ் இல்லை, டிராம் பாதியில் நின்றுவிட்டது. மறுநாள் போகலாம் என்றால், அன்றிலிருந்தே கல்லூரியில் காலவரையற்ற ஸ்ட்ரைக் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. லேப் மூடினால் சோதனை இல்லை, சோதனை இல்லையென்றால் மழைப் பருவம் இல்லை, பருவம் குறைந்தால் பட்டம் இல்லை. மருந்து பாட்டில்களை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கை ரிக்‌ஷாவில் ஏறினேன். தெரு எது, கால்வாய் எது என்று தெரியவில்லை. ரீனா பாலத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி இறங்கினாள். கால் வழுக்கி இடுப்பு வரை போனதும் நான் கத்திவிட்டேன். பாட்டிலை மட்டும் விடவில்லை. அன்றும் வெள்ளைதான். ரிக்‌ஷாக்காரர் பீகார்க்காரர், அவ்வளவையும் பார்த்துக்கொண்டே நின்றார். “ஊரே இந்தத் தண்ணிய வீட்டுக்குள்ளேருந்து வெளிய ஊத்துது. நீங்க ரெண்டு பேரும் இதை எடுத்துக்கிட்டுப் போறீங்களே, எங்க கொண்டுபோய் வைப்பீங்க?”

குளிரிலும் போனோம். அதுவும் வெள்ளை. அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் என் கணவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். “ஏளா, நீ காலேஜுக்குத்தான் போறியா, இல்ல கார்ப்பரேஷன்ல சேந்துட்டியா?”

மூன்று பூஜ்யம்

எக்ஸ்டர்னல் வந்தார். ஒல்லி உடம்பு, மடிப்புக் கலையாத வேட்டி, பெயர் சக்ரவர்த்தி. ஒவ்வொரு ரிப்போர்ட்டாகப் புரட்டினார். எல்லாரும் அதே பாலத்தில் எடுத்த தண்ணீர். எல்லாருக்கும் பிராணவாயு இருந்தது. ரீனாவின் ரிப்போர்ட்டில் மட்டும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். நானே கூட இருந்து பார்த்தேன் என்றேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. ரீனாவைப் பார்த்துச் சொன்னார்: “வீட்டுல உக்காந்து பொய் எழுதணும்னா, கொஞ்சம் நம்புற மாதிரியாவது எழுதக் கூடாதாம்மா?”

சின்னத் திருத்தம்

லாஹிரி சாருக்கு வியர்த்துவிட்டது. சக்ரவர்த்தி அவருக்கே ஆசிரியராக இருந்தவர், எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ரீனாவை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவாக ஒரு வழி சொன்னார். பூஜ்யத்துக்குப் பதிலாக ஏதாவது ஒரு சின்ன எண்ணைப் போட்டு, கவனக்குறைவாக எழுதிவிட்டேன் என்று சொன்னால் போதும், கையெழுத்து வாங்கித் தருவது தன் பொறுப்பு. உண்மையைச் சொல்கிறேன், எழுதித் தொலைத்துவிடேன் என்றுதான் எனக்கு இருந்தது. அவள் வருஷங்கள் மொத்தமும் அந்த ஒரு எண்ணில் தொங்கிக்கொண்டிருந்தன. ரீனாவுக்கு உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை, சத்தம் போட்டாள், எக்ஸ்டர்னலுக்கும் கேட்கும்படி. “அந்தக் கரையில இருந்துதான் சார் எனக்குக் காமாலை வந்துச்சு. அந்தத் தண்ணி நல்லாருக்குன்னு என் கையால எழுத மாட்டேன். வேணும்னா நீங்களே வந்து பாருங்க!”

பாலத்தடியில்

அவர் எழுந்துவிட்டார். சாயங்காலம் ரயில் இருந்தும் டாக்ஸி பிடிக்கச் சொன்னார். வழியெல்லாம் எனக்கு வேறொரு பயம். முந்தின நாள்தான் இடியும் காற்றுமாக, காலபைசாகி என்று அங்கே சொல்கிற கோடை மழை கொட்டியிருந்தது. புது மழைத் தண்ணீர் கலந்து துளி பிராணவாயு சேர்ந்திருந்தால் போதும், பழுப்பு வந்துவிடும். ரீனாவின் கதை அத்தோடு முடிந்தது. அவளுக்கும் அது தெரியும்.

இறங்கினாள், அமுக்கினாள், மூடினாள். மருந்தை எக்ஸ்டர்னலே விட்டார். என்னிடம் தர மறுத்துவிட்டார். பாட்டிலைக் கவிழ்த்து நிமிர்த்தினார். வெள்ளை. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார். அது வெள்ளையாகவே படிந்தது. நான் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்போ மத்தவங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?” என்று கேட்டார். லாஹிரி சார் வானத்தைப் பார்த்தார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து டீக்கடையில் பக்கெட்டை வாங்கி, அதே இடத்தில் இறக்கி மொண்டு, எங்கள் பிள்ளைகள் ஊற்றுகிற மாதிரியே பாட்டிலில் ஊற்றி, மருந்து விட்டு நீட்டினேன். அழகான பழுப்பு. அவர் முகம் செத்துப்போனது. ரீனாவின் ரிப்போர்ட்டை டாக்ஸியின் பானெட்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு என்னிடம், “போன வருஷமும் நான்தான் வந்தேன். அப்போ நான் பாஸ் போட்டதெல்லாம் இந்த பக்கெட்டுக்கா?”

கெராவ்

கையெழுத்து ரீனாவுக்கு மட்டும். மற்ற அத்தனை பேரும் அவர் சொல்லும் நாட்களில் மறுபடி தண்ணீர் எடுக்க வேண்டும், அதுவரை ரிசல்ட் நிறுத்திவைப்பு. விடுவார்களா? மறுநாள் லாஹிரி சாரையும் என்னையும் லேபிலேயே வைத்துச் சுற்றி வளைத்துவிட்டார்கள்; அங்கே அதற்குப் பெயர் கெராவ். கரண்ட் வேறு போய்விட்டது. புழுக்கத்தில் கோஷம் காதைப் பிளந்தது. முன்வரிசையில் தபஸ். எங்களை ஏமாற்றிவிட்டீர்கள், படிப்பைக் கெடுத்துவிட்டீர்கள் என்று மேஜையைத் தட்டினான். எப்போது கண்ணாடிக் குழாய்கள் உடையும் என்று நான் பதறிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ரீனா உள்ளே வந்தாள். அவளுக்கு அங்கே வர வேண்டிய அவசியமே இல்லை, கையெழுத்து அவள் பையில் இருந்தது. அலமாரியிலிருந்து பாட்டில்களை எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள். நான் கூட வருகிறேன், எப்படி இறங்குவது என்று காட்டுகிறேன், யாராவது வருகிறீர்களா என்று கேட்டாள். கோஷம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தபஸ் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து, மூடியைத் திறந்து மூடிப் பார்த்தான். அப்புறம் என் பக்கம் குனிந்து, பயந்த குரலில் கேட்டான்: “ஷொர்ணாதி, சத்தியமாச் சொல்லுங்க, எனக்கும் பூஜ்யம் வந்துடுமில்ல?”

நூற்றுக்கு நூறு வாங்கியவர்களை என் சர்வீஸில் நிறையப் பார்த்துவிட்டேன், ஆனால் ஒரு பூஜ்யத்தைக் குறையாமல் வாங்கி வந்தவள் ரீனா ஒருத்திதான்.