எண்ணெய் ஒட்டாத குடல்

முதலில் கவனித்தது கழிப்பறையில்தான். இரண்டு வாளி தண்ணீர் ஊற்றியும் மலம் போகாமல் மிதந்தது. வெளுத்த நிறம், மேலே எண்ணெய்ப் படலம், தாங்க முடியாத நாற்றம். உங்களுக்கும் இப்படியென்றால் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டே நான் மூன்று மாதம் தொலைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரைப் பக்கமிருந்து ஓசூருக்கு வந்து ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆலை டாக்டர், தொழிலாளியின் முகத்தைப் பார்ப்பதே தனக்குக் குறைச்சல் என்று நினைக்கும் ரகம்.

"குடியா?"

"இல்ல சார்."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க."

ஒரு வெள்ளை மாத்திரை தந்தார். தலைவலிக்கும் அவரிடம் அதுதான்.

என் புத்தி அவரையும் மிஞ்சியது. இளைக்கிறேனே என்று நெய்யாக ஊற்றித் தின்றேன். பேதி கூடியது. பிறகு, பொழுது சாய்ந்தால் கண் மங்கியது. வேலை முடிந்து வரும்போது சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தேன். சூப்பர்வைசர் பல்லைக் காட்டினார்: "போதை இன்னும் இறங்கலையாப்பா?"

என் மனைவி செல்வி சிரிக்கவில்லை. "வயிறும் கண்ணும் சேந்து கெடுதுன்னா ஒரே காரணமாத்தாங்க இருக்கும். பெங்களூருக்குப் போயிரலாம்."

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மெல்லிய குழாய் முனையில் கட்டிய, மாத்திரை அளவு உலோகக் கூட்டை விழுங்க வைத்து, சிறுகுடலில் பயாப்ஸி (திசுவைக் கிள்ளிச் சோதிப்பது) எடுத்தார்கள். ஒரு பெண் டாக்டர் கன்னடம் கலந்த தமிழில், காகிதத்தில் வரைந்து காட்டினார்.

"கொழுப்பு தண்ணியில கரையாது. பித்தநீர் அதைத் துளித்துளியா உடைக்கும். குடல் சுவர்ல சின்ன விரல் மாதிரி உறிஞ்சிகள் இருக்கு, அதுங்கதான் உள்ளே இழுக்கணும். உங்களுக்கு அது தேஞ்சுபோச்சு. வைட்டமின் ஏ கொழுப்போடதான் உள்ளே போகும். அதான் கண்ணு தெரியல."

நோயின் பெயர் ஸ்ப்ரூ (வெப்ப நாடுகளில் வரும் குடல் உறிஞ்சல் கோளாறு).

"குடிச்சா வருமா டாக்டர்?" செல்வி கேட்டாள்.

"யார் சொன்னது?"

"எங்க ஆலை டாக்டரு."

அவர் பேனாவை மூடினார். "அவர்கிட்ட இனிமே போக வேண்டாம்."

ஆறு மாதம் டெட்ராசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி, ஃபோலிக் அமில மாத்திரை, இடையிடையே வைட்டமின் ஊசி. முதலில் பசி வந்தது. பிறகு, அந்திக்குப் பிறகும் செல்வியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. அன்று அழுதேன்.

வேலைக்குத் திரும்பியதும் சூப்பர்வைசர், "குடியை விட்டுட்டே போல" என்றார். அந்த ஆளுக்கு விளக்கம் சொல்வதா? என் குடலே வெட்கப்படும்.

மதியச் சாப்பாடு முடிந்து சங்கு ஊதினால் எல்லோரும் மெஷினுக்கு ஓடுவார்கள். தின்ற எண்ணெய் உடலில் சேர மணிக்கணக்காகும். எனக்குள் அந்த வேலை அப்போதுதான் தொடங்கியிருக்கும். வயிற்றில் கை வைத்து, இன்னும் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுவேன்.