குடத்தின் கழுத்தில் ஒரு பெயர்

ஹட்டன் டவுனில் நான் நடத்தும் வீடியோ ஸ்டூடியோவில் ஜீவராணி வேலைக்குச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா எல்லாவற்றையும் அவள்தான் படம் எடுக்கிறாள், அவள்தான் வெட்டி ஒட்டுகிறாள். உரிமையாளர் சரிபுதீன் என்று போர்டில் இருப்பதோடு சரி. அவளுக்கு நான் நானா, அண்ணன் மாதிரி. கடையில் என் பேச்சு எடுபட்ட நாட்கள் குறைவு.

அவளுடைய அப்பா நல்லமுத்து, வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மலைக்கு மருந்தடித்தவர். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். எட்டாம் நாள் வேலைக்கு வந்தவள் கேமராவை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“முன்னூறு கல்யாணம் எடுத்திருக்கேன் நானா. எங்கப்பா பேசுறத ஒரு நிமிசம் எடுக்கல” என்றாள்.

எழுபத்து மூன்று, எழுபத்து நான்கில் தோட்டங்களில் வந்த பஞ்சத்தில் நல்லமுத்துவின் தங்கை ஒருத்தி பசியில் செத்துப்போனாள். அவ்வளவுதான் ஜீவராணிக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் என்று சொல்ல இனி ஆளில்லை.

அன்றைக்கே ஒரு கொப்பியை எடுத்தாள். அந்தப் பஞ்சத்தில் அடிபட்டு மிஞ்சியவர்கள் வட்டவளையிலிருந்து டயகம வரைக்கும் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து இருபத்திரண்டு பெயர் எழுதினாள். எல்லோரும் பேசுவதை எடுத்து ஒரே படமாக்கி, ஒவ்வொரு தோட்டத்திலும் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்றாள். கல்யாணம் இல்லாத ஞாயிறும், பௌர்ணமிக்கு விடுமுறை விடும் போயா நாளும் கேமரா அவளுக்கு வேண்டும். நான் முணுமுணுத்தேன். அவள் கேட்டுக்கொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அவள் தொடங்குவதற்குள் இருபத்திரண்டில் மூன்று பேர் போய்விட்டார்கள்.

முதல் ஆள் அம்மாக்கண்ணு. அறுபத்து மூன்று வயது. ஜீவராணி வழக்கம்போல முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டுப் போனாள். அங்கேதான் தப்பு. வீடியோக்காரி வருகிறாள் என்றால் எங்கள் பக்கத்தில் அது நல்ல காரியம். அம்மாக்கண்ணு மகள் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுச் சேலையைக் கட்டி, முகத்துக்குப் பவுடர் பூசி, லயத்து வரிசை வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தாராம். பின்னால் யாரோ பூத்திரை வேறு தொங்கவிட்டிருந்தார்கள். லயமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. பஞ்சத்தைப் பற்றிக் கேட்டதற்கு, “அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருந்தோம்” என்று சிரித்துவிட்டார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஜீவராணி சிரிக்கவில்லை. “பட்டுச் சேலையில ஒக்காந்துக்கிட்டு பட்டினியப் பத்தி எப்புடி நானா பேசுவாங்க? தப்பு என்னோடது” என்றாள்.

அதற்குப் பிறகு சொல்லியனுப்புவதை விட்டாள். ஸ்டாண்டை, லைட்டை எல்லாம் கடையிலேயே வைத்துவிட்டுப் போவாள். அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுப்பாள். கேமரா மாவு டின்மேல் கிடக்கும். ஆள் சரியென்று தலையாட்டிய பிறகுதான் அதன் பொத்தானைத் தட்டிவிடுவாள். முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: உங்க பேரு, அப்பா பேரு, எந்தத் தோட்டம். அம்மாக்கண்ணுவிடம் மட்டும் ஐந்து தடவை போனாள். ஐந்தாவது தடவை அவர் பேசினார்.

ஒரு புதன்கிழமை ஜீவராணி கம்ப்யூட்டர் முன்னால் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டாள். “இத மொதல்ல நீங்க பாக்கணும் நானா.”

திரையில் அம்மாக்கண்ணு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் பேசினார்.

“எனக்குப் பன்னெண்டு வயசு. தம்பிக்குக் காலெல்லாம் வீங்கிருச்சு. வீட்டுல மிச்சம் இருந்தது பித்தளக் கொடம் ஒண்ணுதான். எங்க தாத்தா இராமையா அம்மாவுக்குக் குடுத்தது, கழுத்துல அவரு பேரு வெட்டியிருக்கும். அதத் தூக்கிட்டு டவுனுக்குப் போனோம், காசிம் நானா கடைக்கு. அவரு கொடத்தத் தட்டிப் பாத்துட்டு ரெண்டு கொத்து மாவு அளந்து குடுத்தாரு. அம்மா இன்னும் ஒரு கொத்து கேட்டாங்க. எல்லாருந்தான் கொண்டாறாங்கன்னு சொல்லிட்டாரு.”

கை மாவிலேயே இருந்தது.

“அந்த மாவு முடியறதுக்குள்ள தம்பி போயிட்டான். மிச்ச மாவுல ரொட்டி சுட்டு நாங்க தின்னோம். பசிச்சிச்சு. இத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல.”

காசிம் என் வாப்பா.

எனக்கு முகம் சுட்டது. “கடைப் பேர மட்டும் வெட்டேலாதா மகள்? ரெண்டு செக்கன் தானே” என்று கேட்டேன்.

“வெட்ட மாட்டேன் நானா.”

“வாப்பாவும் அந்தக் காலத்தில கஷ்டப்பட்ட மனிசன்தான். அவருக்கும் மா கிடைக்கிறது லேசில்ல.”

“அத நீங்க சொல்லுங்க. அதையும் எடுக்குறேன், அதையும் போடுறேன். அம்பது வருசம் கழிச்சு அவங்க வாயத் தொறந்திருக்காங்க. அதுல நான் கை வைக்க மாட்டேன்.”

“யார்ட கேமரா இது?” என்று கத்தினேன். அப்படிக் கத்தியதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

அவள் கேமராவை என் பக்கம் நகர்த்தினாள். “உங்களோடதுதான். வேணும்னா என்னைய வேலைய விட்டு நிறுத்துங்க. அம்மாக்கண்ணு அத்தை பேசுன கார்டை மட்டும் எங்கிட்ட குடுத்துருங்க.”

கேமராவை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வாசலுக்குள் நுழைந்ததும் மூலையில் அது நிற்கிறது. பித்தளைக் குடம். என் மனைவி ஹலீமா அதில் குடைகளைப் போட்டு வைத்திருக்கிறாள். அந்தப் பஞ்ச காலத்தில் எனக்கு ஏழு வயது. கடையின் பின்னறையில் கூரை முட்டக் குடங்கள் அடுக்கியிருக்கும். நான் கம்பெடுத்து அவற்றில் தவில் அடித்து விளையாடுவேன். ஒவ்வொரு குடத்துக்கும் ஒவ்வொரு சத்தம். மற்றவை எல்லாம் கொழும்புக்குப் போய் உருகிவிட்டன. ஒன்றை மட்டும் உம்மா வீட்டுக்கென்று எடுத்து வைத்தார்.

குடைகளை எடுத்துக் கீழே போட்டுவிட்டுக் குடத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. வீ. ஆண்டியப்பன்.

இராமையா இல்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஹலீமாவைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லி, “இது அந்த மனிசிட குடமில்ல” என்றேன்.

அவள் எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். “அப்ப இது இன்னொரு ஊட்டுட குடம்” என்றாள்.

மறுநாள் காலை குடத்தைக் கையில் இடுக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். ஹலீமா ஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை நீட்டினாள். வேண்டாமென்று பழைய ஜேர்சியோடேயே போனேன்.

ஜீவராணி கொப்பியில் அடுத்த தோட்டத்துக்குப் பஸ் நேரம் எழுதிக்கொண்டிருந்தாள். குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அதை என் பக்கத்தில் முக்காலியில் வைத்து, பெயர் தெரிகிற மாதிரித் திருப்பினாள். கேமராவின் சிவப்பு வெளிச்சம் எரிந்தது.

“உங்க பேரு சொல்லுங்க நானா.”

“சரிபுதீன்.”

“அப்பா பேரு?”

“காசிம். டவுன்ல கடை வெச்சிருந்தவர். பஞ்சத்தில இந்தக் குடத்த எடுத்துட்டு மா குடுத்தது அவர்தான். எத்தின கொத்து குடுத்தார்னு எனக்குத் தெரியா. இது வீ. ஆண்டியப்பன் ஊட்டுக் குடம். அந்த ஊட்டு ஆக்கள் ஆராச்சும் இதப் பாத்தா வாங்க. குடம் என்கிட்டதான் இரிக்கி.”