தண்டவாளக் குளத்து நத்தை

அந்தத் துறையில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைக்காது. யார் எதை ஆராய்கிறார்களோ அதுவே அவர்களுக்குப் பெயர். வௌவால்களின் பின்னால் அலைகிறவன் வௌவால். பாறையைச் சுரண்டிக்கொண்டு வருகிறவன் பாசி. குளத்து நத்தைகளை ஆராய்கிறவள் நத்தை. இந்தப் பெயர் அவளுக்கு இன்னொரு வகையிலும் பொருந்தியது. அவளோடு சேர்ந்தவர்களெல்லாம் பட்டம் வாங்கி, வேலையில் உட்கார்ந்து, தொப்பையும் போட்டுவிட்டார்கள். இவள் மட்டும் இன்னும் குளக்கரையில் வெள்ளைத் தட்டை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். கேலி செய்கிறவர்களைப் பார்த்து அவளும் சிரிப்பாள். கோபித்துக்கொள்வதற்கு அவளுக்கு நேரம் கிடையாது.

அவளுடைய குளங்கள் இரண்டு. ஊருக்கு வெளியே செங்கல் சூளைக்குப் பின்னால் ஒன்று, அதைவிடத் தள்ளி ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒன்று. சூளைக் குளத்தில் அபூர்வமான ஒரு நத்தை இருந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. மற்ற நத்தைகளின் ஓடு வலப்பக்கம் சுழிந்திருக்கும், இதன் ஓடு இடப்பக்கம் சுழிந்திருக்கும். அதனால் கண்ணில் பட்டால் அடையாளம் தவறாது. தண்டவாளக் குளத்தில் அது கிடையாது. முதல் வருடம் முழுக்க வலை போட்டு அலசி, கிடையாது என்று அவளே எழுதியும் வைத்திருந்தாள். அடுத்த மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால், தட்டில் ஒரு இடம்புரி ஊர்ந்துகொண்டிருந்தது. மறுமுறை இன்னும் சில. அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாளிடமெல்லாம் சொன்னாள். அந்த அம்மாள் பயந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

இரண்டு குளத்துக்கும் நடுவில் வாய்க்கால் இல்லை. வெறும் மேட்டு நிலம். அப்படியிருக்க அந்த நத்தை எப்படி இங்கே வந்தது? இந்தக் கேள்வியைத்தான் பேராசிரியர் பிடித்துக்கொண்டார். "இதுக்கு மேல என்ன வேணும்? அப்ளை பண்ணும்மா," என்றார். ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பல்லுயிர் ஆய்வுக்கென்று வருடத்துக்கு ஒருமுறை கொடுக்கும் நிதி அது. கிடைத்தால் வேலையை முடித்துவிடலாம். கிடைக்காவிட்டால் இத்தனை வருடத்தையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு, எங்காவது பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போகவேண்டியதுதான். துறையில் அவளுக்கு இதுவே கடைசி வருடம். அவள் விழுந்து விழுந்து எழுதினாள். நீர்ப்பறவைகளின் காலில் சேற்றோடு ஒட்டிக்கொண்டு நத்தைகள் குளம் விட்டுக் குளம் போகின்றன என்பது அவளுடைய ஊகம். நன்றாகவே எழுதியிருந்தாள். முதல் சுற்றில் தேறி நேர்காணலுக்கும் கூப்பிட்டுவிட்டார்கள்.

அம்மாவுக்கு நத்தையும் தெரியாது, நிதியும் தெரியாது. ஆனால் மகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். மாடிவீட்டு அத்தையிடம் ஒருமுறை சொன்னால் தெருவுக்கே சொன்ன மாதிரி. அம்மா இரண்டு முறை சொன்னாள்.

நேர்காணலில் காட்டுவதற்காகத் தண்டவாளக் குளத்தை வரைபடமாகப் போட்டு, நத்தை கிடைத்த இடங்களில் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். பாசி டீயைக் குடித்துக்கொண்டே அவள் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன இது, உன் ஆளுங்க எல்லாம் பஸ் ஸ்டாப் பக்கமே குடியிருக்காங்க? பஸ் ஏறி வந்தாங்களா?"

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே புள்ளிகளைப் பார்த்தாள். குளம் அவ்வளவு பெரிதாக இருந்தும், புள்ளிகள் எல்லாம் ஒரே மூலையில், படிக்கல்லைச் சுற்றி மொய்த்திருந்தன. அந்தக் கல்லில் உட்கார்ந்துதான் அவள் வலையை அலசுவாள். சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

குளத்து வேலையில் முதல் பாடமே அதுதான். ஒரு குளத்தில் நனைந்த வலையை இன்னொரு குளத்தில் நனைக்கக் கூடாது. அங்கேயே, தண்ணீரைவிட்டுத் தள்ளி, காய்ந்த தரையில் கழுவி ஊற்றி, வெயிலில் காயவைத்துத்தான் கிளம்பவேண்டும். இல்லாவிட்டால் இங்குள்ள உயிரை அங்கே கொண்டுபோய் விட்ட பாவம் வந்து சேரும். முதல் வருடப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

ஆரம்பத்தில் அவளும் அப்படித்தான் செய்தாள். பிறகு பஸ் நேரம் மாறியது. சூளைக் குளத்தில் வலையைக் காயவைத்துக்கொண்டு நின்றால், தண்டவாளக் குளத்துக்குப் போகிற பஸ் போய்விடும். ஈர வலையையும் வாளியையும் அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுவாள். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் ஒருநாள் வாளியை எட்டிப் பார்த்து, "இதுக்குள்ள இருக்கறதுக்கெல்லாம் டிக்கெட் யாரு எடுக்கறது?" என்று கேட்டார். திரும்பிப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் அவ்வளவு நல்லவர் இல்லை. சொட்டுத் தண்ணீர் வடிந்தாலும் இறக்கிவிட்டுவிடுவார். அதனால் பஸ் ஏறுவதற்கு முன்னால், தண்டவாளக் குளத்திலேயே எல்லாவற்றையும் அலசிக் கொட்டுவாள். வாளியின் அடியில் குட்டிக் குட்டியாக ஏதேதோ நெளிந்துகொண்டிருக்கும். அதைச் சுடுகிற மண்ணில் ஊற்ற அவளுக்கு மனசு கேட்காது. பிழைத்துப் போகட்டும் என்று தண்ணீரிலேயே ஊற்றிவிடுவாள். அப்படி ஊற்றும்போது தன்னைப் பற்றி ரொம்ப நல்லவிதமாக வேறு நினைத்துக்கொள்வாள். இப்போது அதை நினைத்தால்தான் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பறவையாவது காலாவது! நத்தையைக் கொண்டுவந்தவள் நத்தைதான்.

பேராசிரியரின் அறைவரைக்கும் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவர் யாரிடமோ போனில், "நம்ம பொண்ணு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்கா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டாள். மறுநாளும் போனாள். அவர் "என்னம்மா?" என்றதற்கு, ஸ்டேப்ளர் வேண்டும் என்று வாங்கிக்கொண்டு வந்தாள். களவாணித்தனம் செய்து மாட்டிக்கொண்டாலாவது அதில் ஒரு கெத்து இருக்கும். இது முதல் வருடப் பிள்ளை செய்தால் காதைத் திருகுகிற தப்பு. அதை இந்த வயதில், தான் செய்தேன் என்று எந்த வாயால் சொல்வது? விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிடலாம் என்று நினைப்பாள். ஏன் என்று கேட்பார்களே என்று உடனே விட்டுவிடுவாள். நேர்காணல் வரைக்கும் இதே பாடு.

நேர்காணல் அறையில் நீள மேஜைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோடியில் ஒரு அம்மையாருக்குக் கடுமையான சளி. கைக்குட்டையும் கையுமாக இருந்தார். பறவைகளைப் பற்றி எல்லோரும் ஆர்வமாகக் கேட்டார்கள். அவள் பதில் சொல்லச் சொல்லத் தலையாட்டினார்கள். முடிகிற நேரத்தில் அந்த அம்மையார் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"வலையை எங்கம்மா கழுவுவீங்க?"

"தரையில மேடம். காஞ்ச தரையில, தண்ணியவிட்டுத் தள்ளி."

நாக்குத் தடுக்கவே இல்லை. முதல் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம், தானாக வந்து நின்றது.

"நல்லது. நிறைய பேர் இதுல கவனமா இருக்கறதில்ல," என்று அவர் சிரித்தார்.

நிதி அவளுக்கே கிடைத்தது. பேராசிரியர் அறையைவிட்டு வெளியே வந்து கை தட்டினார். பாசி அவளைத் தூக்காத குறை. அம்மா மாடிப்படியில் ஏறி இறங்கியே களைத்துப்போனாள். இந்தச் சந்தோஷத்துக்கெல்லாம் நடுவில் நத்தை கூனிக் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தாள். அடக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அதுவும் ஒரு கேவலமாக இருந்தது அவளுக்கு.

அதோடு விட்டார்களா? "குழுவுல உன் முறையைப் பாராட்டினாங்களாம். புதுப் பிள்ளைங்களுக்கு நீயே செஞ்சு காட்டிடு," என்றார் பேராசிரியர். துறைக் கட்டடத்தின் பின்பக்கக் குழாயடியில் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அவள் வலையைக் கையில் எடுத்தாள். "வலையை எப்பவும் காஞ்ச தரையில..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் வரவில்லை. இருமல் வந்த மாதிரி பாவனை செய்து பார்த்தாள், அதுவும் வரவில்லை. வலையைக் குழாயின் மேல் மாட்டிவிட்டு நேரே பேராசிரியரின் அறைக்குப் போய்விட்டாள்.

அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பஸ், வாளி, படிக்கல், நேர்காணலில் சொன்ன பொய். பூசி மெழுகாமல் சொன்னாள். அவர் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு மட்டும்தான் சார்."

"எனக்கும் தெரியாமலே இருந்திருக்கலாம்."

சொல்லிவிட்டு அவர் தன் வார்த்தையைக் கேட்டுத் தானே கூசிப்போனார். முகம் சிவந்துவிட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்து வந்தவளுக்கு அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. ஒரு நல்ல மனுஷனை ஒரு நிமிஷம் கெட்டவனாக்கிவிட்டோமே என்று தோன்றியது.

"எழுதிடும்மா," என்றார் கடைசியில். "நீ வலையை எங்க கழுவறன்னு நானும் ஒரு நாள் வந்து பார்த்ததில்ல. அதையும் சேர்த்து எழுது."

அன்றே நிதிக் குழுவுக்கு எழுதினாள். பேராசிரியரைப் பற்றி மட்டும் எழுதவில்லை. சில நாள் கழித்து அந்த அம்மையாரே போன் செய்தார். சளி குணமாகியிருந்தது. நிதியை அடுத்த இடத்தில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை.

"சந்தேகப்பட்டு அந்தக் கேள்வியக் கேக்கலம்மா. எல்லாரையும் கேப்பேன். நீங்க சொன்னதை நம்பினேன்."

"மன்னிச்சிடுங்க மேடம்."

"சரி," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னது அதற்குப் பிறகுதான். அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வாளித் தண்ணீரை ஊற்றியதெல்லாம் ஒரு குற்றமா என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. பொய் சொன்னது புரிந்தது. "கிடைச்சதைப் போய் யாராவது திருப்பிக் குடுப்பாங்களா?" என்று கேட்டாள். பிறகு ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

சாயங்காலம் மாடிவீட்டு அத்தை வாசலில் வந்து நின்றாள். அம்மா எழுந்து போனாள். உள்ளே இருந்தவளுக்கு எல்லாம் கேட்டது.

"என்ன, பொண்ணுக்குப் பணம் வந்துடுச்சா?"

"வந்துடும். ஆபீஸ்ல ஏதோ லேட்டாம். கையெழுத்துப் போடற ஆளு லீவாம்."

அம்மாவின் நாக்கும் தடுக்கவில்லை. மகளுக்கு, நேர்காணலில் தானே பேசுவதைக் கேட்பது போல இருந்தது. இனிமேல் இந்த வீட்டில் ஒரு பொய்கூட வேண்டாம் என்று நினைத்தாள். அந்த வேகத்தில் எழுந்து வாசலுக்குப் போனாள்.

"இல்ல அத்தை, பணம் வராது. நான் ஒரு தப்பு பண்ணிட்டு, கேட்டப்போ பொய் சொல்லிட்டேன். இப்ப உண்மையைச் சொல்லித் திருப்பிக் குடுத்துட்டேன். அம்மாவுக்கு இது தெரியும்."

மாடிவீட்டு அத்தை அவளைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தது கொஞ்சம் அதிக நேரம். "அதனால என்ன, உண்மைதானே பெருசு," என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு, அவசர வேலை இருப்பதுபோல் படியேறிப் போய்விட்டாள்.

அத்தையின் செருப்புச் சத்தம் ஓயும்வரை அம்மா வாசற்படியிலேயே நின்றாள். பாரத்தை இறக்கிவைத்த நிம்மதி மகளுக்கு அப்போதுதான் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அம்மா கதவைச் சாத்தினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. காது மடல்வரை சிவந்திருந்தது.

"உன் பொய்ய நீ சொல்லிக்கிட்ட, சரி," என்றாள் அம்மா. "என் பொய்ய ஏன்டி அவகிட்ட சொன்ன?"