பாதருக்கு ஒரு மரண அறிவித்தல்

நான் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் இங்கிலாந்தில் ஒரு நாட்டுப்புறக் கோயிலில் பாதிரியாராக இருந்தவர். பெண்சாதி இத்தாலியில் பலெர்மோக்காரி. ஓய்வு பெற்றதும் இரண்டு பேரும் பலெர்மோவில் வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால், அவளுடைய தாய் விட்டுப்போன வீட்டில் வந்து குடியேறினார்கள். அவள் முந்திக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு சமைக்கவும் குளிப்பாட்டவும் மருந்து கொடுக்கவும் நான் போனேன்.

இங்கிலாந்துச் சபையில் பாதிரிமார் கலியாணம் கட்டலாமாம். ஆனாலும் பாதிரியாருக்குப் பெண்சாதி பிள்ளையா என்று அந்தக் கட்டடத்து இத்தாலியச் சிஞ்ஞோராக்கள் கடைசிவரை முகம் சுளித்தார்கள். என்னோடு அறையில் இருக்கும் மன்னார்க் கத்தோலிக்கர்கூடக் கேட்டதும் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு அதில் ஒரு புதினமும் தெரியவில்லை. எங்கள் பிள்ளையார் கோயில் ஐயருக்கும் குடும்பம் இருந்தது. தகப்பனுக்குப் பிறகு மகன் மணி கிலுக்கினான். பாதர் வீட்டிலும் அதே கதைதான்.

ஒவ்வொரு பின்னேரமும் தேத்தண்ணி குடித்து முடிந்ததும், டெலிபோனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு பரம்பரையைச் சொல்லத் தொடங்குவார். சுவரில் படங்கள் வரிசையாகத் தொங்கின. நான் தூசி தட்டத் தட்ட அவர் இத்தாலியனில் சொல்வார். இருவருடைய இத்தாலியனும் நொண்டி, அதனாலேயே நன்றாக விளங்கியது. முதலாமவர் தேனீ வளர்த்தவர். பிரசங்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கலைந்து பறந்த தேனீக் கூட்டத்துக்குப் பின்னால் ஓடியவராம். அவருடைய மகனுக்கு ஐந்து பெண்களுக்குப் பிறகுதான் ஓர் ஆண். ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி என்பார்கள். அந்த மனுசனோ ஐந்தையும் அயற் கிராமத்துப் பாதிரிமாருக்கே கட்டிக் கொடுத்துக் கரைசேர்த்துவிட்டார். அந்த ஆண்பிள்ளை காது மந்தம். கோயிலில் பாட்டு முடிந்தது தெரியாமல் தனியாகப் பாடிக்கொண்டிருப்பாராம். பிறகு தகப்பன், பிறகு பாதர். எல்லோரும் ஒரே கோயிலில். கடைசிப் படத்தில் பள்ளிக்கூட உடுப்போடு பாதரின் மகன். அவன் பாதிரியாக வரமாட்டேன் என்று அவுஸ்திரேலியாவுக்குப் போனவன். அந்தப் படத்தோடு கதை நின்றுவிடும். பாதர் டெலிபோனைப் பார்ப்பார்.

நாள் தவறாமல் கேட்டு எனக்கு அலுத்துப் போயிற்று. "எனக்கே பாடமாகிவிட்டது, பாதர். இன்னும் யாருக்குச் சொல்கிறீர்கள்?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"யாராவது கேட்டால் பிழை வரக்கூடாது," என்றார்.

கேட்க யார் இருக்கிறார்கள் என்று வாய்வரை வந்தது. எனக்கு மட்டும் யார் இருந்தார்கள்? இத்தாலியப் பாஸ்போட் கிடைத்ததும் பெண்சாதியும் மகளும் இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். நானும் வரவா என்று கேட்டேன். "வந்தால் பாப்பம்" என்றார்கள். வா என்று ஒருவரும் சொல்லவில்லை. இங்கிலாந்துக்காரர் என் கையில் சோறு தின்றார். என் பிள்ளை இங்கிலாந்தில் இருந்தாள். பிறந்தநாளுக்கு ஒரு படம் அனுப்புவாள், அவ்வளவுதான்.

ஒருநாள் காலை சவரத்துக்குச் சுடுதண்ணீர் கொண்டு போனபோது பாதர் போய்விட்டிருந்தார். மகனுக்குச் செய்தி அனுப்பினார்கள். அடக்கத்தைப் பொறுப்பெடுத்த ஆள் வந்து என்னிடம் சொன்னார்: மகனுக்கு வர வசதியில்லையாம், செலவைக் கட்டிவிடுவாராம், அறிவித்தல் ஒன்றும் வேண்டாமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஊரில் மீன் விற்றவர் செத்தாலும் கறுப்புக்கரை போட்ட தாளை மதிலில் ஒட்டுகிறார்கள். எங்கள் ஆட்களுக்கோ அறிவித்தல் இல்லாத சாவு சாவேயில்லை. நாளாந்தம் முன்னோரைச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் ஒரு வரியும் இல்லாமல் போவதா?

அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் ஆட்களுக்குக் கலியாணக் கார்ட் அடித்துக் கொடுப்பவரிடம் போனேன். எனக்கு ஒழுங்காக எழுத வருவது தமிழ்தான். தமிழில் போட்டால் மகனுக்கு விளங்கப் போவதுமில்லை. "இங்கிலாந்தைப் பிறப்பிடமாகவும், பலெர்மோவை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கினேன். வழக்கமாக அறிவித்தல் கீழ்நோக்கி ஓடும்: பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள். பாதருக்கு மகனுக்குக் கீழே ஆளில்லை. ஆகவே மேல்நோக்கி ஓடவிட்டேன். இன்னாரின் மகனும், இன்னாரின் பேரப்பிள்ளையும், இன்னாரின் பூட்டப்பிள்ளையும் என்று தேனீக்காரர்வரை போனேன். ஒரு பெயரும் தடக்கவில்லை.

படத்துக்கு விட்டிருந்த இடத்தில் அச்சுக்காரர் ஒரு குத்துவிளக்கைப் போட்டிருந்தார்.

"பாதருக்குக் குத்துவிளக்கோ?"

"வெளிச்சம் வெளிச்சம்தானே அண்ணை. தகவல் தாறது எண்டு கீழை ஆரைப் போட?"



"குடும்பத்தினர் எண்டு போடும். நம்பர் என்ரை," என்றேன்.

பல்லாரோச் சந்தைப் பக்கத்து மதில்களில் ஒட்டினேன். அச்சுக்காரர் வாட்ஸப்பிலும் போட்டுவிட்டார். நல்லதுக்குச் சொன்னால் போவோம், கெட்டதுக்குச் சொல்லாமலே போவோம். பாதரை ஒருநாளும் கண்டிராத எங்கள் சனங்கள் வேலை உடுப்போடு அடக்கப் பூசை நடந்த சின்ன ஆங்கிலக் கோயிலுக்கு வந்து மர வாங்குகளில் இருந்தார்கள்.

"ஆரண்ணை, எங்கடை ஆளோ?" என்று ஒருவர் காதுக்குள் கேட்டார்.

"ஓம்," என்றேன். மன்னார் ஆட்கள் தமிழில் பாட்டுப் பாடி அனுப்பிவைத்தார்கள்.

மறுநாள் பாதரின் வீட்டைக் கூட்டிக்கொண்டு நிற்கும்போது என் போன் அடித்தது. மகள்.

"பப்பா? நீங்களோ? இருக்கிறியளோ?"

விக்கி விக்கி அழுதாள். அவள் பலெர்மோவில் வளர்ந்த பிள்ளை. தமிழ் கதைப்பாள், வாசிக்க மாட்டாள். யாரோ அறிவித்தலை அனுப்பியிருக்கிறார்கள். அவளுக்கு அதில் விளங்கியது கறுப்புக்கரையும் குத்துவிளக்கும் என் நம்பரும்தான்.

"நானில்லையம்மா. அது பாதர்."

அதைக் கேட்டு இன்னும் கூட அழுதாள். உள்ளதைச் சொன்னால், அவள் அழுதது எனக்குச் சந்தோசமாக இருந்தது. வாசித்துக் காட்டச் சொன்னாள். தேனீக்காரர்வரை வாசித்தேன்.

"உங்களுக்கெண்டா நான் என்னெண்டு எழுதிறது, பப்பா? எனக்கு ஒருத்தற்றை பேரும் தெரியாதே."

"சொல்லுறன், எழுது."

"இப்ப வேலையிலை நிக்கிறன். ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறன், சொல்லுங்கோ."

அந்த ஞாயிறும் போய், அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறும் போய்விட்டன. பாதரின் மகன் வீட்டை விற்க ஆள் பார்க்கிறானாம். அதுவரை கதவுத் திறப்பு என்னிடம் இருக்கிறது. பின்னேரங்களில் போய் யன்னலைத் திறந்து, படங்களைத் துடைத்துவிட்டு, பாதரின் கதிரையில் இருக்கிறேன். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என் பூட்டனிலிருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி வருகிறேன். அவள் கேட்கும்போது பிழை வரக்கூடாது.