இரும்பைத் தொடாத சத்தியம்

செவ்வாய்க்கிழமை காலைத் தேநீர் இடைவேளையில் செல்வம் அண்ணை போன் எடுத்தார். செவன் ஹில்ஸில் இரும்புத் தகடு அழுத்தும் தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் இருவரும் ஒன்றாக வேலை செய்தவர்கள். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

"தம்பி, டேலே மோசம் போயிட்டாராம். காலமை ஆஸ்பத்திரியிலை. உனக்கு ஆரும் சொன்னவையோ?"

"இல்லை அண்ணை."

"செத்தவீட்டுக்கு வருவியோ?"

கையிலிருந்த தேநீரைக் கொட்டிக் கோப்பையைக் கழுவி வைத்தேன். பிறகுதான் "வாறன்" என்றேன். நான் ஏன் தயங்கினேன் என்பதை மறைத்துவிட்டு இந்த அஞ்சலியை எழுதலாம்தான். ஆனால் அது அவரைப் பற்றியதாக இராது.

டேலேயும் எங்களோடு அதே தொழிற்சாலையில் வேலை செய்தவர். முழுப்பெயர் ஓகுன்டேலே. நைஜீரியாவின் யோருபா இனத்தவர். 'ஓகுன் வீட்டுக்கு வந்தார்' என்பது அந்தப் பெயரின் பொருள். யோருபா மக்கள் தங்கள் தெய்வங்களை ஒரிஷா என்பார்கள். நானூற்றொரு பேர் இருக்கிறார்களாம். அவர்களில் ஓகுன் இரும்புக்கு உரியவர். தெய்வங்கள் பூமிக்கு இறங்கியபோது காடு மறித்ததாகவும், ஓகுன்தான் தன் கத்தியால் வெட்டி மற்றவர்களுக்கு வழிவிட்டதாகவும் கதை. கொல்லர், வேட்டைக்காரர், சாரதிகள், மெசினோடு மாரடிக்கும் எங்களைப் போன்றவர்கள் எல்லாருக்கும் அவர்தான் காவல்.

நான் அகதியாகப் படகில் வந்து, தற்காலிக விசாவில் அந்த வேலைக்குச் சேர்ந்த வருடம் ஆயுத பூசை வேலைநாளில் வந்தது. யாரும் பார்க்காத நேரம் என் மெசினுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டேன். திரும்பினால் டேலே நிற்கிறார். ஆறடிக்கு மேலே உயரம். குங்குமப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அவர் குனிந்து பொட்டைப் பார்த்தார். தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஓகுனுக்குப் படைக்கிற சிவப்புப் பனை எண்ணெய்ப் போத்தலை எடுத்து, என் பொட்டுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டார். "உங்கடை ஆளுக்கு என்ன பேர்?" என்றார். ஆங்கிலத்தில்தான் கேட்டார், எங்கள் பேச்சில் தருகிறேன். அன்றிலிருந்து எங்கள் மதியச் சாப்பாடு ஒரே மேசையில்.

அவர் என்னை 'தம்பி' என்றார். நான் 'டேலே அண்ணை' என்றேன். ஓம், இல்லை, வாறன், இந்த மூன்று சொல்லையும் வைத்துக்கொண்டு எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் முழு மாலையையும் ஓட்டிவிடுவார். அவருடைய மனைவி தேவாலயம் போகிறவர். இவர் ஞாயிறுகளில் அவரைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே காத்திருப்பார்.

லஞ்ச் ரூமைத் துப்புரவு செய்ய பிரேசில் பெண் ஒருவர் வருவார். ஒருநாள் அவருடைய கழுத்துச் சங்கிலியில் சின்னஞ்சிறு இரும்பு வாளும் மண்வெட்டியும் தொங்குவதை டேலே அண்ணை கண்டுவிட்டார். அவை ஓகுனின் அடையாளங்கள். ஓகுனின் பாட்டு ஒன்றை யோருபாவில் முணுமுணுத்தார். அந்தப் பெண் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அடுத்த அடியைப் பாடினார். அவருக்கு யோருபா பேசத் தெரியாது. பாட்டு மட்டும் தெரிந்திருந்தது. டேலே அண்ணையின் கண் கலங்கிவிட்டது.

"அடிமையாக் கப்பலிலை ஏத்தேக்கை எல்லாத்தையும் பறிச்சவங்கள்," என்றார் பிறகு. "ஓகுனைப் பறிக்கத் தெரியேல்லை. கியூபாவுக்கும் போனார், பிரேசிலுக்கும் போனார். முதலாளிக்குப் பயத்திலை ஒரு புனிதற்றை படத்துக்குப் பின்னாலை அவரை ஒளிச்சு வைச்சுக் கும்பிட்டிருக்கினம்."

"நானும் கப்பலிலைதான் வந்தனான். முருகனும் என்னோடை வந்தவர்," என்றேன் கொஞ்சம் பெருமையாக.

"நீ கேட்டு ஏறின கப்பல் தம்பி," என்று சிரித்தார்.

சத்தியத்தைப் பற்றியும் ஒருநாள் சொன்னார். அவர் ஊரில் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனால் பைபிளும் இருக்கும், குர்ஆனும் இருக்கும், ஒரு இரும்புத் துண்டும் இருக்குமாம். ஓகுனைக் கும்பிடுகிறவர் அந்த இரும்பை நாக்கால் தொட்டுவிட்டுப் பேச வேண்டும். "அதுக்குப் பிறகு பொய் சொன்னால் ஓகுன் விடமாட்டார். வழியிலையே முடிச்சிடுவார்." அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கே நாக்குக் கூசியது.

பிறகுதான் அது நடந்தது. என் மெசினில் கை போகாமல் தடுக்கிற கூண்டை, வேலை மெதுவாகிறது என்று சுப்பர்வைசர் ஒரு காலையில் மெக்கானிக்கிடம் கழற்றச் சொல்லி, தானே நின்று கழற்றுவித்தார். டேலே அண்ணை என் பக்கத்து மெசினில் நின்றார். அன்று மத்தியானம் என் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. நானே கூண்டைக் கழற்றினேன் என்று கம்பனி எழுதிக் கொடுத்தது. தற்காலிக விசாக்காரனின் பெயரில் இப்படி ஒரு பொய் ஏறினால் என்னவாகும் என்று நினைத்து நினைத்து வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்த டேலே அண்ணை என் மனைவியிடம் சொன்னார்: "நான் கண்டனான். கண்டதைச் சொல்லுவன்." அதைக் கேட்டுத்தான் அவள் அழுகையை நிறுத்தினாள்.

வேறு யாரும் கண்டார்களா, விசாரித்துப் பார்க்கட்டுமா என்று நட்டஈட்டு வழக்குக்கு நான் பிடித்த வழக்கறிஞர் கேட்டார். நான் மடையன், "தேவையில்லை, இவர் ஒருவர் போதும், இவருக்குப் பொய் வராது" என்றேன். ஓகுனை நம்பினேன். டேலே அண்ணையின் கையில் எதைக் கொடுக்கப்போகிறார்கள் என்று யோசிக்கவில்லை.

விசாரணை அறையில் அவரிடம் பைபிளைக் கொடுத்தார்கள். வாங்கினார். சத்தியம் செய்தார். "நான் ஒன்றும் பார்க்கவில்லை" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை.

கார் நிறுத்துமிடத்தில் என்னை மறித்தார். அவருடைய குடும்பத்தின் நிரந்தர விசாவுக்குக் கம்பனிதான் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை எனக்கு விளங்கியிருக்கும். பயத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனால் அவர் சொன்னது வேறு: "நான் இரும்பைத் தொடேல்லை தம்பி."

புனிதரின் படத்துக்குப் பின்னால் ஓகுனை ஒளித்தவர்களின் கதையைச் சொன்ன மனிதர், புத்தகத்துக்குப் பின்னால் தான் ஒளிந்துகொண்டார். என் கழுத்தை அறுத்ததைவிட, அறுத்த பிறகும் தன் தெய்வத்தோடு தனக்குக் கணக்குச் சரி என்று நின்றாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வழக்குத் தோற்றது. நான்கு வருடம் அவரோடு பேசவில்லை. பிளாக்டவுன் கடைத்தெருவில் எதிரே வந்தால் மற்றப் பக்கம் போனேன். அவருக்கு நிரந்தர விசா கிடைத்தது. அதன் பிறகு மெசினுக்குப் பனை எண்ணெய்ச் சொட்டு விடுவதை அவர் நிறுத்திவிட்டதாகச் செல்வம் அண்ணை சொன்னார். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. அப்படித்தான் வேண்டும் என்று இருந்தது.

போன மாதம் அவருடைய மனைவி அழைத்தார். "புற்றுநோய். கனநாள் இல்லை. உங்களைத்தான் கேக்கிறார்." என் மனைவிதான் என்னைப் பிடரியில் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள்.

கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தார். என்னைக் கண்டதும் கையை நீட்டி, "இரும்பு" என்றார். "தம்பி, ஒரு இரும்பு தா. சொல்லவேணும்."

நான் இப்போது கராஜ் கதவுகள் பொருத்தும் வேலை செய்கிறேன். காற்சட்டைப் பொக்கற்றில் எப்போதும் ஒரு சின்ன ஸ்பானர் கிடக்கும். அன்றைக்கும் கிடந்தது. விரல் அதைத் தொட்டது. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாததை, ஏற்கெனவே தெரிந்தவனிடம் சொல்லி, இவர் மட்டும் நிம்மதியாகப் போவாராம் என்று எனக்குள் பொங்கியது.

"என்னட்டை இல்லை," என்றேன்.

அவர் என் பொக்கற்றைப் பார்த்தாரா, முகத்தைப் பார்த்தாரா தெரியாது. "ஓம்," என்றார். கையை மடக்கிக்கொண்டார். அதுதான் அவரோடு நான் கடைசியாகப் பேசியது.

வெள்ளிக்கிழமை அடக்கம். அவருடைய மனைவியின் தேவாலயப் போதகர் வந்து செபித்தார். வந்தவர்கள் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் போட்டார்கள். என் முறை வந்ததும் ஸ்பானரை வெளியே எடுத்து நாக்கில் வைத்தேன். போதகர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். செல்வம் அண்ணை என் முழங்கையைப் பிடித்தார். துரு மணமும் எண்ணெய் மணமும் வாயெல்லாம் நிறைந்தது.

"டேலே அண்ணை, கூண்டைக் கழற்றினது நானில்லை. நீங்கள் கண்டனீங்கள். கண்டும் இல்லையெண்டனீங்கள்," என்றேன். "அண்டைக்கு என்னட்டை இரும்பு இருந்தது. நானும் இல்லையெண்டனான். போயிட்டு வாங்கோ."

மன்னித்துவிட்டேன் என்றும் ஒரு வார்த்தை சொல்லத்தான் போயிருந்தேன். நாக்கில் இரும்பு பட்டுவிட்டது. அதனால் சொல்லவில்லை.